நர்மதா விழுங்கிய வார்த்தைகள்

மீனாட்சிபுரத்தில் எங்கள் வேலிக்கு அந்தப்பக்கம் காளிச்சாமி வீடு. அவரும் அவர் மனைவி பொன்னாத்தாளும் பேசிக்கொள்வதில்லை. பொன்னாத்தாளின் அண்ணன் செத்தபோது, கிணற்றுத் தண்ணீர்ப் பங்கில் இருந்த பகையை மனதில் வைத்துக்கொண்டு, முகம் பார்க்கக்கூட அவளை விடவில்லை அந்த மனிதர். அன்றைக்கு வாயை மூடியவள்தான். அவர் மட்டும் இளைத்தவரா? அவரும் மூடிக்கொண்டார். பால் கறப்பது அவள், சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றுவது அவர். நடுவில் இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகள் நர்மதா.

உங்கம்மாகிட்டச் சொல்லு, உங்கப்பன்கிட்டச் சொல்லு என்று இரண்டு பேரும் அவளைத் தபால்காரி ஆக்கிவிட்டார்கள். சொன்னதை அப்படியே சொன்னால் வீடு இரண்டாகிவிடும் என்று அந்த வயதிலேயே அவளுக்குப் புரிந்திருக்கிறது. வசவையெல்லாம் வெட்டிப் போட்டுவிட்டு, மரியாதை சேர்த்து, பக்குவமாகச் சொல்லுவாள். கெட்டிக்காரி என்று ஊரே மெச்சியது. என்ன மெச்சி என்ன! வெட்டிப்போட்ட வார்த்தை எங்கே போகும்? அவள் நெஞ்சுக்குள்ளேயே கிடந்தது.

கல்யாணமாகி வேலந்தாவளம் போன பிறகும் அவளை விடவில்லை. அடுக்களையில் இருக்கும் பெண்டாட்டிக்குச் சேதி சொல்ல, மாட்டுத் தொழுவத்தில் நின்றுகொண்டு மகளுக்குப் போன் போடுவார் காளிச்சாமி. அவள் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல! போன் மணி அடித்தாலே அவளுக்கு நெஞ்சு படபடத்தது. தூக்கம் போனது, சோறு இறங்கவில்லை. கடைசியில் அவள் புருஷன் ஆனந்தகுமார்தான் பாலக்காட்டில் ஜிஜி என்கிற கவுன்சலரிடம் கூட்டிப்போனான். அங்கே நடந்ததெல்லாம் அவளே என்னிடம் சொன்னது.

உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாராம் ஜிஜி. அப்பாவுக்கு இது வேண்டும், அம்மாவுக்கு அது வேண்டும் என்றே சொல்லிக்கொண்டிருந்தாளாம் இவள். திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் தனக்கென்று ஒன்று வாயில் வந்தது.

"எம் புள்ளையும் என்னையாட்ட ஆயிரக்கூடாதுங்க."

பெற்றவர்களையும் வரச் சொல்லி எதிரெதிரே உட்காரவைத்தார் ஜிஜி. நர்மதா சுவரோரம் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். காளிச்சாமி மகள் பக்கம் திரும்பி, உங்கம்மாளுக்கு மூட்டுவலி தேவலையான்னு கேளு என்றாராம். நர்மதா பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். பொன்னாத்தாள் காதில் விழாத மாதிரி ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதோடு சரி, இரண்டு பேரும் மறுபடி அங்கே போகவில்லை.

இனி யார் சேதியையும் வாங்காதே, நேராகச் சொல்லிக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிடு என்று ஜிஜி இவளைப் பழக்கினார். முதலில் அழுதுகொண்டே செய்தாள். போகப்போகச் சதை போட்டு, வாய்விட்டுச் சிரித்து, ஆளே மாறிவிட்டாள். பார்க்க எனக்கு அத்தனை சந்தோஷம்.

ஓணம் லீவுக்கு மகள் தன்ஷிகாவை இங்கே விட்டுப் போனாள். ஐந்து வயது. கூட்டிப்போக வந்த சாயங்காலம், நர்மதாவும் பாலுக்குச் சொம்போடு நானும் தொழுவத்தருகே நின்றிருந்தோம். காளிச்சாமி பேத்தியிடம் சொன்னார்:

"அவங்கண்ணன் பொணத்துக்கு இன்னும் அழுது முடிக்கலையான்னு கேளு. காபி வருமா, வராதா?"

தன்ஷி பாட்டி இருந்த அடுக்களை வாசலுக்கு ஓடினாள்.

"அம்முச்சி, அப்புச்சிக்குக் காபி வேணுமாமுங்க."

நர்மதா பின்னாலேயே போய் அவளைப் பிடித்து நிறுத்தினாள். அப்படி மாற்றிச் சொல்ல யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாள். யாரும் இல்லை, அப்படியே சொன்னால் அம்முச்சி அழுவாங்க என்றது குழந்தை.

அப்போதுதான் நர்மதா, பிறந்ததிலிருந்து செய்யாததைச் செய்தாள். அப்பன் சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் அம்மாவிடம் சொன்னாள். பொன்னாத்தாள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். காளிச்சாமியும் வாசலுக்கு வந்துவிட்டார். இப்போதாவது நேருக்கு நேர் சண்டையாவது போடமாட்டார்களா என்று எனக்கு இருந்தது. அவர் பேத்தியிடம் குனிந்தார்.

"நான் அப்படிச் சொல்லலைன்னு உங்கம்முச்சிகிட்டச் சொல்லு சாமி."

நர்மதா குழந்தையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். தன்ஷி அவள் தோளுக்கு மேல் எட்டி, வீட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"அம்முச்சி, அப்புச்சி அப்படிச் சொல்லலீங்களாமா!"