கையெழுத்துப் போடாத விடைபெறல்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் மடித்த விரிப்பில் ஒரு சுருக்கம் கண்டுபிடிப்பது ஆகாத காரியம். இருபத்தாறு வருஷ வேலை. ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் பாக்கி.

புதிதாக வந்த உலர்த்தும் இயந்திரத்தின் கதவு சரியாகப் பூட்டாது. மேலாளரிடம் மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருநாள் காலை கதவு தானாகத் திறந்துகொண்டதில், கூட வேலை செய்தவளின் கை முழங்கைவரை வெந்துபோனது. விசாரிக்க வந்தவர்களிடம் மடிப்பக்கா தன் மூன்று கடிதங்களின் நகலையும் நீட்டினாள்.

மறுவாரம் மேலாளர் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அதிலேயே அவளுக்குச் சந்தேகம் தட்டியது.

"வயசாயிடுச்சு இல்லக்கா? நல்ல பேரோட, கௌரவமா ஒதுங்கிக்கலாமே. வெள்ளிக்கிழமை ஜம்முனு ஒரு விழா வச்சிடுறோம்."

தயாராக இருந்த கடிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். 'உடல்நலக் குறைவால் நானே விலகுகிறேன்.'

"எனக்கு என்ன நோவுன்னு நீங்களே சொல்லிடுங்க சார், மாத்திரையாவது வாங்கிக்கிறேன்" என்று எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டில் கணவர், "எதுக்கு வம்பு? விட்டுத் தள்ளு" என்றார்.

"துரத்துனாக்கூட பொறுத்துக்குவேங்க. நானே சிரிச்சுக்கிட்டுப் போகணுமாம்ல! அதான் வயிறு எரியுது."

கையெழுத்தே வாங்காமல் விழாவை நடத்திவிட்டார்கள். மேலாளர் அவளைத் தூண் என்றார், தாய் என்றார், பூங்கொத்தை நீட்டினார். அவள் அவர் கையிலிருந்த மைக்கைத்தான் வாங்கினாள்.

"நான் எங்கயும் போகல. திங்கக்கிழமை ஆறு மணிக்கு வந்துடுவேன். போக வேண்டியது அந்த மிஷினு. இந்தப் பூவைக் கை வெந்தவ வீட்டுக்குக் குடுத்தனுப்புங்க. இதுவரைக்கும் ஒருத்தர்கூட அவளைப் போய்ப் பாக்கல."

ஒருவரும் கைதட்டவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். அந்த மௌனம் அவளுக்கு மேலாளரின் பேச்சைவிட அதிகமாக உறைத்தது.

திங்களன்று அவளைக் கிடங்குக்கு மாற்றியிருந்தார்கள். ஜன்னலில்லாத அறை, கால் ஆடும் ஸ்டூல், மலைபோல் கிழிந்த விரிப்புகள். ஒரு மாதத்தில் இயந்திரம் மாறியது. மாற்றியது தன் சொந்த முயற்சி என்று ஆஸ்பத்திரிச் செய்திமடலில் மேலாளர் படத்தோடு போட்டுக்கொண்டார். அதைப் பார்த்த அன்று மடிப்பக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

கை ஆறி வேலைக்குத் திரும்பியவள், மறுநாள் முதல் மதியச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு கிடங்குக்கே வர ஆரம்பித்தாள். மீதி இரண்டு வருஷத்தில் மடிப்பக்கா ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை.