நூற்றறுபதில் நின்ற முள்

என் ரயிலைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இது கரண்டுல ஓடுதா?" என்றுதான். எனக்குச் சுள்ளென்று வரும். கரண்டில் ஓட்டுவதற்கா வருஷக்கணக்கில் லேத் முன்னால் நின்றேன்? கரி எரிந்து, தண்ணீர் கொதித்து, ஆவி போய் பிஸ்டனைத் தள்ளி ஓடுகிற அசல் நீராவி எஞ்சின் அது. என்ன, உருவம்தான் சிறிசு. தண்டவாளத்தின் அகலம் ஒரு சாண்கூட வராது. பின்னால் ஒரு பலகை வண்டி கோத்து, அதில் குந்தி, காலை இரண்டு பக்கமும் போட்டுக்கொண்டு ஓட்ட வேண்டும். ஆறேழு பெரிய ஆட்களைச் சிரமமில்லாமல் இழுக்கும்.

சின்னமனூரில் எங்கள் தெருவில் எனக்கு ரயில் கிறுக்கன் என்று பேர். என் மனைவி இன்னும் நயமாகச் சொல்வாள். "மத்த வீட்டுல பேரன் ரயிலு ஓட்டுவான், தாத்தா பார்த்துக்கிருப்பாரு. நம்ம வீட்டுல எல்லாமே தலைகீழு." அவள் சொல்வதில் பொய் இல்லை. தேனிப் பக்கம் ஒரு நூற்பு மில்லில் முப்பது வருஷம் லேத்தில் இரும்பு கடையும் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுப் பணத்தில் மற்றவர்கள் மாடி கட்டினார்கள். நான் பழைய லேத் ஒன்று வாங்கிக் கொல்லையில் கொட்டகை போட்டேன்.

சக்கரம், சிலிண்டர், பிஸ்டன் எல்லாம் நானே கடைந்தேன். பாய்லர் மட்டும் என்னால் ஆகாது. செப்புத் தகட்டை வளைத்து, மொத்தத்தையும் செக்கச்செவேலென்று காய்ச்சி, வெள்ளி கலந்த கம்பியை உருக்கி ஜாயிண்ட் வைக்க வேண்டும். சூடு கொஞ்சம் கூடினாலும் காரியம் கெட்டது, குறைந்தாலும் கெட்டது. அதற்கு ஒரு ஆள் உத்தமபாளையத்தில் இருந்தார். ஃப்ரிட்ஜ், ஏசி மெக்கானிக். என்னைவிட எட்டு வயது இளையவர். நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். திராட்சை வைக்கிற குளிர் ரூம்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. அவற்றில் ஓடுகிற செப்புக் குழாய் பாதிக்கு மேல் அவர் கை வைத்தது. அவர் வைத்த ஜாயிண்டில் கேஸ் கசிந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதுதான் அவருக்குச் சோறு, அதுதான் பேர்.

நாலு மாதம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வந்து பாய்லரைக் கட்டினார். காசு என்று பேச்செடுத்தாலே கோபம் வந்துவிடும். "எனக்கும் ஆசைதாண்ணே. ஃப்ரிட்ஜ் பின்னாடி நம்ம வேலையை எவன் பாக்குறான்? இது நாலு பேர் பாக்க ஓடும்ல."

நெருப்பு மூட்டுவதற்கு முன்னால் பாய்லரைச் சோதிக்க வேண்டும். அது கண்டிப்பு. உள்ளே பச்சைத் தண்ணீரை நிறைத்து, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, ஓடும்போது இருக்கப்போவதைப் போல இரண்டு மடங்கு வைத்துப் பார்ப்பார்கள். என் எஞ்சின் ஓட எண்பது பவுண்டு போதும். அப்படியென்றால் நூற்றறுபது. தண்ணீர் என்பதால் பாய்லர் தாங்காவிட்டாலும் வெடிக்காது, பீய்ச்சி அடிப்பதோடு போகும்.

அந்த ஞாயிறு பாய் ஒரு விருந்தாளியோடு வந்தார். ராயப்பன்பட்டியில் பெரிய திராட்சைத் தோட்டக்காரர், சொந்தமாகக் குளிர் ரூம் வைத்திருப்பவர், பாயின் முதல் வாடிக்கை. தன் வேலையைக் காட்டத்தான் கூட்டி வந்திருந்தார். புதுச்சட்டை போட்டிருந்தார் பாய். இப்போது நினைத்தாலும் அந்தச் சட்டைதான் முதலில் வருகிறது.

அழுத்தத்தைக் காட்ட, நான் மில்லிலிருந்து கொண்டுவந்த பிரஷர் கேஜை மாட்டினேன். பித்தளை வளையம் போட்ட பழைய சாமான். பாய் தன் பையைத் தொட்டபடி தணிந்த குரலில் சொன்னார். "அண்ணே, எதுக்கும் என் கேஜையும் ஒருவாட்டி மாட்டிப் பார்த்துருவமா?"

"முப்பது வருசமா நான் பார்த்த கேஜு பாய் இது. பாக்குறதா இருந்தா உங்க ஜாயிண்டைப் பாருங்க" என்றேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவனைப் பார்க்க வேண்டுமானால் அன்றைக்கு என் கொட்டகைக்கு வந்திருக்க வேண்டும்.

பம்பை அடித்தேன். நூறு. நூற்றிருபது. கை வழக்கத்தைவிடக் கனத்தது, அதையும் பெருமையாகவே நினைத்தேன். முள் நூற்றறுபதைத் தொட்டு நின்றது. டப் என்று ஒரு சத்தம். நெருப்புப் பெட்டியின் பக்கத் தகடு உப்பி, ஜாயிண்ட் ஓரத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சி என் முகத்தில் அடித்தது.

நாலு மாத உழைப்பு. எனக்குக் கண்மண் தெரியவில்லை. "என்னய்யா ஜாயிண்ட் வச்சிருக்க? இதுக்குத்தான் இம்புட்டு அலட்டலா? உன்னை நம்புனேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். பாய் குனிந்து அந்த ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

தோட்டக்காரர் சிரித்தார். "ஆத்தாடி, இந்த ஜாயிண்டை நம்பியா என் குளிர் ரூம் ஓடுது?" என்றார். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அடுத்த மாதமே மதுரையிலிருந்து வேறு ஆட்கள் வந்து அவர் குளிர் ரூமைப் பார்த்துக்கொண்டார்கள். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் மாற்றினார்கள். வாயில் விழுந்த பேச்சு நடந்தா போகும், கம்பம் வரைக்கும் பஸ்ஸிலேயே போய்விட்டது. பாய் குழாய் வேலையை விட்டார். வீட்டிலிருந்தபடி வாஷிங் மெஷின் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டேன். நன்றாக வேண்டும் என்றுகூட நினைத்தேன். பாய்லரைச் சாக்குப் போட்டு மூடி மூலையில் தள்ளினேன்.

அடுத்த மூன்று வருஷம் கொட்டகைப் பக்கமே போகவில்லை. பிறகு மனம் கேட்காமல் கோயமுத்தூரில் சொல்லி வேறு பாய்லர் செய்வித்தேன். போன ஆடியில் அது வந்தது, தனக்கென்று ஒரு கேஜோடு. புதுக் கேஜ் சரியா என்று பார்க்க வேண்டுமே, என் பழைய கேஜையும் அதே குழாயில் மாட்டினேன். என் திமிர் எங்கே போகும்? புதுசு நூறு காட்டியது, பழசு அறுபது காட்டியது. புதுசைத் திட்டினேன். தெருமுனைப் பஞ்சர் கடையிலிருந்து மூன்றாவதாக ஒரு கேஜ் வாங்கி வந்து மாட்டினேன். அதுவும் நூறு என்றது.

கொட்டகைத் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அன்றைக்கு நான் ஏற்றியது நூற்றறுபது இல்லை, இருநூற்றறுபதுக்கும் மேலே. சாக்கை விலக்கி அந்தப் பாய்லரை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தேன். கிழிந்திருந்தது ஜாயிண்ட் இல்லை, அதற்குப் பக்கத்தில் இருந்த தகடு. ஜாயிண்ட் சுற்றிலும் ஒரு மயிரிழை விடாமல் பிடித்திருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடத்தைக் கட்டியவரையே கெடுத்துவிட்டேன்.

அன்றைக்கே பஸ் ஏறியிருக்க வேண்டும். அரை மணி நேரம்கூட ஆகாது. நாளைக்குப் போகலாம் என்றேன். ஆவணி போனது. புரட்டாசியில் மச்சினன் தென்னந்தோப்பில் வட்டமாகத் தண்டவாளம் போட்டு ரயிலை ஓட்டினேன். விசில் சத்தம் கேட்டு ஊரே கூடியது. யாரோ எடுத்த வீடியோ போன் போனாகச் சுற்றியது. அதைப் பார்த்துவிட்டு ஒரு ஞாயிறு அந்தத் திராட்சைத் தோட்டக்காரரே வந்தார். கம்பு ஊன்றி வந்தவரைக் கைத்தாங்கலாகப் பலகையில் உட்கார வைத்து இரண்டு சுற்று ஓட்டினேன். குழந்தை மாதிரி சிரித்தார். இறங்கும்போது கேட்டார்.

"இது எந்த பாய்லரு?"

"கோயமுத்தூர்லருந்து வந்தது."

"அதான் கசியல. அன்னைக்கு அந்த பாய் வச்சது என்ன பாடு படுத்துச்சு."

சொல்ல வேண்டிய இடம் அதுதான். என் கேஜ் பொய் சொன்னது, பாய் கை சுத்தம் என்று இரண்டு வாக்கியம். சுற்றிலும் ஐம்பது பேர் நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சிரித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்காவது மறைக்கச் சோறு இருந்தது. எனக்கு வெறும் பல்தான் இருந்தது.

கார்த்திகையில் தோட்டக்காரர் போய்ச் சேர்ந்தார். ராயப்பன்பட்டிக்குத் துட்டிக்குப் போனேன். சர்ச் வாசலில், வெயிலில், பாய் நின்றுகொண்டிருந்தார். வேலையைப் பறித்த ஆள் சாவுக்கு முதல் ஆளாக வந்து நிற்கிறார். நான் கூட்டத்துக்குள் புகுந்து பின்பக்கமாக வெளியேறிவிட்டேன். அப்படி ஒரு கேவலமான நடையை நான் நடந்ததே இல்லை.

தை பிறந்து இரண்டு கேஜையும் அறுத்த பாய்லர் துண்டையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு உத்தமபாளையம் போனேன். வாஷிங் மெஷின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். தலை நன்றாக நரைத்திருந்தது.

"வாங்கண்ணே, இங்கன உக்காருங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நேற்றுப் பார்த்துப் பிரிந்தவர் மாதிரி.

கேஜ்களை எடுத்து வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அறுத்த துண்டையும் காட்டினேன். அதை வாங்கி ஜாயிண்டை விரலால் தடவினார், அன்றைக்குத் தடவியது போலவே. வெகுநேரம் தடவினார்.

"எப்பண்ணே தெரிஞ்சது?"

ஆடி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"போன வாரந்தான் பாய்."

அவர் தலையாட்டினார். கண் கலங்கியிருந்தது. வீட்டுக்குள் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "கேட்டியா, நம்ம ஜாயிண்ட் போகலையாம். அண்ணனே வந்து சொல்றாக பாரு." பிறகு என் பக்கம் திரும்பினார். "அவரு காதுலயும் ஒரு வார்த்தை விழுந்திருந்தா நல்லா இருந்திருக்கும். கார்த்திகையில போயிட்டாரு. உங்களுக்கே இப்பத்தான தெரிஞ்சிருக்கு, நீங்க என்ன செய்வீக? முன்னாடியே தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ஓடிப் போய்ச் சொல்லியிருப்பீக. உங்க குணம் எனக்குத் தெரியாதாண்ணே."

உள்ளேயிருந்து டீ வந்தது. இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்கள். குடித்தேன். இன்னொரு டம்ளர் ஊற்றச் சொன்னார், அதையும் குடித்தேன்.