கொல்லையில் விட்டுப்போன கடலை

இது எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பிறந்து வளர்ந்ததெல்லாம் மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். ஒரு வருடம் தொண்டு செய்ய வருகிறேன் என்று கடிதம் எழுதிப் போட்டுவிட்டு, பினாங்கில் கப்பலேறி, உத்திரமேரூருக்கும் காவாந்தண்டலத்துக்கும் நடுவில் இருந்த ஒரு பெண் குழந்தைகள் இல்லத்துக்கு வந்து சேர்ந்தேன்.

தமிழ்நாட்டுக்குத்தானே போகிறோம், நம் மொழி, நம் சாப்பாடு, என்ன கஷ்டம் வந்துவிடப் போகிறது என்று தெனாவட்டாகத்தான் வந்தேன். முதல் நாள் காலையிலேயே அது இறங்கிவிட்டது. எங்கள் தோட்டத்தில் காலையில் யாரைப் பார்த்தாலும் “பசியாறிட்டீங்களா?” என்று கேட்போம். அப்படிக் கேட்டதும் இருபத்தாறு பிள்ளைகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். “நாஷ்டா துன்னாச்சான்னு கேளுக்கா” என்று எனக்குப் பாடம் வேறு. அதற்குப் பிறகு களி. நான் அதை மென்றேன். மறுபடியும் சிரிப்பு. “அத்த மெல்லக்கூடாதுக்கா, அப்டியே முழுங்கணும்!” கிணற்றில் தண்ணீர் சேந்தப் போய், இரண்டே வாரத்தில் மூன்று வாளியை உள்ளே விட்டேன். பாதாளக்கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கி வாளியை எடுப்பதே சின்னப் பிள்ளைகளுக்குச் சாயங்கால விளையாட்டாகிவிட்டது.

இருந்தாலும் மூன்று மாதத்தில் ஒருவழியாகத் தேறிவிட்டேன். இரட்டைப் பின்னல் போட என்னிடம் வரிசையில் நின்றார்கள். எதற்கெடுத்தாலும் ‘அக்கா, அக்கா’தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் சொதப்பியது அந்த நேரத்தில்தான்.

பங்குனி மாதம். கொல்லை என்று அங்கே சொல்லும் மேட்டு நிலங்களில் வேர்க்கடலை பிடுங்கி முடித்திருந்தார்கள். முழுப் பரீட்சை முடிந்து விடுமுறை விட இன்னும் பத்து நாள் இருந்தது. வார்டனம்மா ஏதோ வேலையாகக் காஞ்சிபுரம் போயிருந்தார். பொறுப்பு என்னுடையது. பிள்ளைகள் தூங்கும் அறையைக் கூட்டிச் சுத்தம் செய்யலாம் என்று பெட்டிகளை நகர்த்தினால், ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் ஒரு துணி மூட்டை. பழைய பாவாடை, கிழிந்த தலையணை உறை, எல்லாவற்றிலும் வேர்க்கடலை.

“எங்கிருந்து வந்தது?” என்று கேட்டேன்.

“கொல்லைல பொறுக்கனதுக்கா” என்றாள் எட்டாவது படிக்கும் பெண். அங்கே அவள்தான் மூத்தவள்.

“யாருடைய கொல்லை?”

“அதோ, அந்த நைனாது.” சாலைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள்.

“அவரைக் கேட்டுவிட்டு எடுத்தீர்களா?”

“அவர எதுக்குக் கேக்கணும்?”

அந்தப் பதிலில் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அதற்குக் காரணம் உண்டு. எங்கள் தோட்டத்தில் மரத்தடியில் சிந்தி உறைந்து கிடக்கும் ஒட்டுப்பால்கூடக் கம்பெனிக்குச் சொந்தம். எனக்கு எட்டு வயதிருக்கும்போது, ஒரு டின் ஒட்டுப்பால் எடுத்தார்கள் என்று பக்கத்து வீட்டுக் குடும்பத்தையே தட்டுமுட்டுச் சாமான்களோடு லயத்து வீட்டிலிருந்து வெளியேற்றினார்கள். கீழே கிடந்தாலும் அடுத்தவர் பொருள் அடுத்தவர் பொருள்தான் என்று அன்றைக்கு அப்பா என்னை நிற்கவைத்துச் சொன்னார். அந்தப் பயம் என் உடம்பில் ஊறிக் கிடந்தது. என் பிள்ளைகளைத் திருடிகள் என்று ஒருவரும் சொல்லிவிடக்கூடாது என்று பதறினேன்.

அத்தனை பேரையும் மூட்டையும் கையுமாக நிலத்துக்காரரின் களத்துக்கு நடத்திக்கொண்டு போனேன். அவர் அங்கே இல்லை. லாரி நின்றிருந்தது. ஆட்கள் கடலையைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலை செய்துகொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, “இன்னாத்துக்கும்மா இது…” என்று ஆரம்பித்தாள். நான் கையைக் காட்டி அவள் வாயை அடைத்துவிட்டேன். ஒவ்வொரு பிள்ளையையும் குவியலில் கொட்டவைத்து, “தெரியாமல் எடுத்துவிட்டோம், மன்னிக்கணும்” என்று சொல்லவைத்தேன். ஒருத்தியும் அழவில்லை, எதிர்த்துப் பேசவுமில்லை. நல்ல காரியம் செய்துவிட்ட பெருமையில் நான்தான் முன்னால் நடந்து திரும்பினேன்.

சாயங்காலம் வார்டனம்மா வந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“இன்னாமா இப்டி பண்ணி வச்சிக்கீற! கடலையப் புடுங்கிக் களத்துக்கு எடுத்துக்கினு போய்ட்டா, அப்பறம் மண்ணுல கீறது பொறுக்கறவங்களுதும்மா. ஊரே பொறுக்கும். யாரும் யாரயும் கேக்கறதில்ல.” பிறகு சொன்னார். “லீவுக்குப் போறப்ப இந்தப் பசங்க அவங்கவங்க வூட்டுக்கு எடுத்துக்கினு போறதே இது ஒண்ணுதான். சோறு, துணி, நோட்டு எல்லாம் நாம குடுக்கறோம். ஆத்தாளுக்குன்னு அதுங்களா கொண்டுபோய்க் குடுக்க வேற இன்னா கீது?”

எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

மறுநாள் விடிந்ததும் களத்துக்கு ஓடினேன். லாரி முதல் நாளே போய்விட்டது. நிலத்துக்காரர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தன் ஆட்களைப் பிடிபிடியென்று பிடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “ஏம்மா, பொறுக்கின கடலய என் சாக்குல போட்டியே, ஊருல என்ன பத்தி இன்னா பேசுவாங்க?” என்றார். அவமானம் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் சேர்த்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அரை மூட்டைக் கடலையைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு அவரே இல்லத்துக்கு வந்தார். மூத்தவள் அதைத் தொடவேயில்லை.

“வாணாம் நைனா. நீங்கோ குடுத்தா அது நீங்கோ குடுத்தது. நாங்கோ பொறுக்கினாத்தான் எங்களுது.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டே மூட்டையைத் திரும்ப ஏற்றினார்.

அதன் பிறகு என்னிடம் யாரும் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ‘அக்கா’ போய் ‘மிஸ்’ வந்துவிட்டது. தலை பின்ன ஒருத்தியும் வரவில்லை, ஒருவருக்கொருவர் பின்னிக்கொண்டார்கள். அவர்களோடு நானும் கொல்லைக்குப் போனேன். ஊரே பொறுக்கி முடித்த நிலம், மண் பாறையாகக் காய்ந்து கிடந்தது. களைக்கொட்டால் கொத்திக் கொத்தி என் இரண்டு உள்ளங்கையும் கொப்புளித்ததுதான் மிச்சம். மூன்று நாளில் ஆளுக்கு ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை. பிள்ளைகள் என்னால் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகப் போகிறார்கள். நான் திரும்பி வந்துவிடுகிறேன் என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதி உறையும் ஒட்டிவிட்டேன்.

விடுமுறைக்கு நான்கு நாள் இருக்கும்போது, மத்தியானம் வானம் இருண்டது. கோடை மழை. ஒரு மணி நேரம் கொட்டு கொட்டென்று கொட்டியது. அது விடும் முன்பே பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தார்கள். நனைந்து காய்ச்சல் வரப்போகிறதே என்று நான் கதவை மறித்தேன். என்ன செய்வது, புத்தி இன்னும் வரவில்லை! மூத்தவள் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

“மண்ணு எளகிடுச்சுக்கா! உள்ள கீறதெல்லாம் மேல வந்துடும்! ரெண்டு நாளு உட்டா மொளச்சிடும், வா, வா!”

அவள் சொன்ன அந்த ‘அக்கா’வில் எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது.

அத்தனை பேரும் ஓடினோம். வார்டனம்மாவும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலேயே வந்தார். மழை கழுவிவிட்ட கொல்லையில் அங்கங்கே கடலை வெள்ளையாக எட்டிப் பார்த்தது. பிள்ளைகள் மடி மடியாக அள்ளினார்கள். எனக்கு மட்டும் ஒன்றும் அகப்படவில்லை. ஏழு வயதுப் பெண் ஒருத்தி, எல்லோரிலும் சின்னவள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“கண்ணால தேடாதக்கா, கால்ல தேடு. செருப்பக் கழட்டு.”

கழற்றினேன். சேற்றில் பாதத்தைத் தேய்த்து நகர்த்தினால் உருண்டையாக ஒன்று தட்டுப்பட்டது. குனிந்து விரலை விட்டேன், இரட்டைப் பருப்புக் கடலை! நான் போட்ட கூச்சலில் நிலத்துக்காரரே என்னமோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டார். அன்று சாயங்காலம் வரைக்கும், மறுநாள் முழுவதும், தலையிலிருந்து கால்வரை சேறாகப் பொறுக்கினோம். பச்சைக் கடலையைத் தின்று தின்று எனக்கு வயிறு உப்பிப்போயிற்று. கடைசியில் பார்த்தால் எல்லோரையும்விட நான்தான் குறைச்சல். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாகத் தோற்றதில்லை.

விடுமுறை நாளன்று கூலி வேலைக்குப் போகும் அம்மாக்கள் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். மூத்தவள் காயவைத்துக் கட்டிய மூட்டையை அம்மாவிடம் கொடுத்தாள். அந்தம்மா அங்கேயே முடிச்சை அவிழ்த்து, ஒரு கடலையை உடைத்து வாயில் போட்டு, “நல்லா முத்தினதாத்தான் பொறுக்கிக்கீறா” என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கியபோதுகூட அப்படி நிமிர்ந்து நின்றதில்லை.

எல்லோரும் போன பிறகு இல்லத்தில் மூன்றே பிள்ளைகள் மிச்சம். அவர்களுக்குப் போக வீடு இல்லை. கொல்லையில் என்னைச் செருப்பைக் கழற்றச் சொன்னவளும் அதில் ஒருத்தி. தன் மூட்டையைத் தரையோடு இழுத்துக்கொண்டு வந்து என் மடியில் வைத்தாள்.

“இந்தா, ஒங்கம்மாவுக்கு அனுப்பு.”

“எனக்கு எதுக்குடா கண்ணு, நீயே வச்சுக்கோ” என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நல்லவேளை, விழுங்கிக்கொண்டேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “எங்கம்மா ரொம்ப சந்தோஷப்படுவாங்க” என்றேன். அவள் குதித்துக்கொண்டு விளையாடப் போய்விட்டாள். எழுதி வைத்திருந்த கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். ஒரு வருடத்துக்கென்று வந்தவள் அங்கே மூன்று வருடம் இருந்தேன். அந்தக் கடலை வறுபட்டு, பிஸ்கட் டின்னில் அடைபட்டு, கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்தது.

இன்றைக்கு எனக்கும் பேரப் பிள்ளைகள் இருக்கிறார்கள். யார், எவ்வளவு இல்லாதவராக இருந்தாலும் சரி, எனக்கென்று எதையாவது நீட்டினால் ‘உங்களுக்கு எதற்குச் சிரமம்’ என்று மட்டும் நான் சொல்வதே இல்லை.