சட்டைக் கையை இழுக்கும் வேலை

எங்கள் அப்பாவுக்கு ஏலத்தில் கையைத் தூக்கத் தெரியும், இறக்கத்தான் தெரியாது. அந்த இறக்கும் வேலைக்காக அம்மா நியமித்த ஆள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. சம்பளமாக ஏலம் முடிந்ததும் ஒரு ரோஸ்மில்க் கிடைக்கும்.

அப்பா மலைக்கோட்டைப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை பார்த்தார். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியை ஒட்டிய சந்தில் எங்கள் வாடகை வீடு. முன்னறையில் அம்மாவின் தையல் மெஷின். அப்பாவுக்குப் பீடி, சிகரெட், சீட்டாட்டம் எதுவும் கிடையாது. பழைய காசு சேர்க்கிற பழக்கம் ஒன்றுதான். மற்றதெல்லாம் இருந்திருந்தால்கூடச் சமாளித்திருப்பேன் என்று அம்மா சில நாள் சொல்வாள்.

மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில், தெப்பக்குளம் அருகே ஒரு லாட்ஜின் மாடி ஹாலில் காசு சேர்ப்பவர்கள் கூடுவார்கள். நாற்பது பேர் இருக்கலாம். முதல் அரை மணி நேரம், ஏலத்துக்கு வரும் காசுகளை மேஜைமேல் நம்பர் போட்டுப் பரப்பியிருப்பார்கள்; யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். அந்த அரை மணி நேரத்தில் அப்பாவைப் போன்ற நிதானசாலி திருச்சி ஜில்லாவிலேயே இருக்கமாட்டார். லென்ஸை வைத்து விளிம்பைப் பார்ப்பார், எடை போடுவார், யாரோ பளபளப்பாகத் தேய்த்துக் கெடுத்த காசு என்றால் தலையை ஆட்டிவிட்டு வைத்துவிடுவார். ஏலம் ஆரம்பித்ததும் அந்த மனிதர் எங்கே போவாரோ தெரியாது. எதிரே ஒருவர் கை தூக்கிவிட்டால் அப்பாவுக்குக் காசு மறந்துபோய் அந்தக் கைதான் கண்ணில் நிற்கும்.

ஒருமுறை அப்படித்தான் யாரோடோ போட்டி போட்டு, நானூறு பெறாத ஒரு வெள்ளி ரூபாயைத் தொள்ளாயிரத்துக்கு எடுத்து வந்தார். அன்றைக்கு வீட்டில் சோறு பொங்கவில்லை. மறுநாள் அம்மா ஒரு சட்டம் போட்டாள். இனி ஏலத்துக்குப் போனால் நானும் கூடப் போக வேண்டும். அதிகபட்சம் எவ்வளவு வரை போகலாம் என்று அம்மா ஒரு சீட்டில் எழுதி மடித்து என் கவுன் பையில் போடுவாள். அப்பா அதைப் பார்க்கக் கூடாது. தொகை தெரிந்துவிட்டால், “இன்னும் அம்பது ரூபாதானே” என்று ஆரம்பித்துவிடுவார் என்பது அம்மாவின் அனுபவம். ஏலம் அந்தத் தொகையைத் தொட்டதும் அப்பாவின் இடது சட்டைக் கையை நான் இரண்டு தடவை இழுக்க வேண்டும். அவர் மறுபேச்சில்லாமல் நிறுத்திவிட வேண்டும்.

ஒன்று சொல்ல வேண்டும், அப்பா அந்தச் சட்டத்தை ஒருநாளும் மீறியதில்லை. இழுத்ததும் தூக்கின கை பட்டென்று கீழே வந்துவிடும். “பொண்ணு பிரேக் போட்டுட்டா” என்பார். ஹாலே சிரிக்கும். அவரும் சிரிப்பார். எனக்கு மட்டும் சிரிப்பு வராது. அடுத்தவர்கள் எல்லாம் காசோடு இறங்கிப் போக, அப்பா வெறுங்கையோடு படியிறங்குவதற்கு நான்தானே காரணம்? ஏலத்தை நடத்துகிற செயலாளர் வேறு, “ஏன் பாப்பா, உங்கப்பாவ ஒரு காசாவது வாங்க விடமாட்டியா?” என்று ஒருநாள் எல்லோர் எதிரிலும் கேட்டுவிட்டார். அவர் கிண்டலுக்குத்தான் கேட்டார். நான் ரோஸ்மில்க்கைக்கூடப் பாதியில் வைத்துவிட்டேன்.

இப்படி இருக்கையில்தான் அந்தப் பத்துக் காசு ஏலத்துக்கு வந்தது. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் இருந்தபோது அடித்த செப்புக் காசுகளை அப்பா ஐந்தாறு வருஷமாகச் சேர்த்துவந்தார். ஒரு காசு, இரண்டு காசு, நாலு காசு எல்லாம் இருந்தன. பத்துக் காசு மட்டும் இல்லை. ஆல்பத்தில் அதற்கென்று ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு வைத்திருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும், இருக்கிற காசுகளை விட்டுவிட்டு அந்தக் காலிக் கட்டத்தைத்தான் காட்டுவார்.

அது வரப்போவதைச் செயலாளர் போன மாதமே சொல்லியிருந்தார். அன்று அப்பாவின் பர்ஸில் வழக்கத்தைவிட அதிகப் பணம் இருந்தது. அம்மாவுக்கு ஓவர்லாக் மெஷின் வாங்க நாலாயிரம் ரூபாய் அட்வான்ஸ். ஏலம் முடிந்ததும் பெரிய கடைவீதியில் போய்க் கட்டிவிட்டு வர வேண்டும். அதுவரை அம்மா தைத்த துணிகளுக்கு ஓரம் அடிப்பதற்குத் தினமும் பையைத் தூக்கிக்கொண்டு அம்மா மண்டபம் படித்துறைப் பக்கம் ஒரு கடைக்கு நடந்துகொண்டிருந்தாள். ஒன்றரை வருஷமாகப் ப்ளவுஸ் தைத்துச் சேர்த்த பணம் அது. சீட்டில் ஆயிரத்து ஐநூறு என்று எழுதி என் பையில் போட்டவள், “அதுக்கு மேல போனா என் மெஷினு போச்சு. கவனமா இரு” என்றாள். சொல்லவில்லை என்று அவளை நான் குறைகூற முடியாது.

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போதே நான் முடிவு செய்துவிட்டேன். இன்றைக்கு இழுக்கப்போவதில்லை. அம்மா மெஷினை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளட்டும். கடையில் மெஷின் நிறைய இருக்கிறது, பத்துக் காசு ஒன்றே ஒன்றுதான். என் புத்திசாலித்தனம் எனக்கே பெருமையாக இருந்தது.

அறுநூறில் ஆரம்பித்தார்கள். ஆயிரத்துக்குள் மற்றவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். மிச்சம் அப்பாவும், துவாக்குடியில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவரும். அவர் சட்டைப் பையில் பேனா மாதிரி நோட்டுக் கட்டு வெளியே தெரியும். நூறு நூறாக ஏறியது. ஆயிரத்து ஐநூறு வந்தது. நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

ஆயிரத்து எண்ணூறில் அப்பா ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். இரண்டாயிரத்து இருநூறில் அவருடைய இடது கை என் நாற்காலியின் விளிம்புக்கு வந்தது. வசதியாக உட்காருகிறார் என்று நினைத்தேன். மூவாயிரத்தில் அந்தச் சட்டைக் கை என் மடிமேலேயே வந்து கிடந்தது. வலது கை மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தது. அப்பாவின் கழுத்தெல்லாம் வேர்வை. எல்லோரும் எங்களைத்தான் பார்த்தார்கள். சந்தோஷத்தில் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. மடியில் கிடந்த கையைச் செல்லமாகத் தட்டிக்கொடுத்தேன்.

நாலாயிரத்து முந்நூறு. துவாக்குடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “எடுத்துக்கிடட்டும்ங்க” என்றார். “ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்” என்று செயலாளர் மேஜையைத் தட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். “என்ன சார், பிரேக் ஃபெயிலாயிடுச்சா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். அப்பா அவரைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

இப்போது நானும் ஏலத்துக்குப் போகிறேன், தனியாக. போன வருஷம் ஒரு காசுக்கு, அது பெறாத விலை என்று நன்றாகத் தெரிந்தும், நாலைந்து தடவை கை தூக்கினேன். இறக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ‘என்னால் முடியாது’ என்று சொல்வதைவிட நாலாயிரம் ரூபாய் கொடுப்பது சுலபம். யாராவது வந்து இழுத்துவிட்டால் தேவலை என்று இருந்தது. அப்போதுதான், மூவாயிரத்தில் அப்பாவின் சட்டைக் கை என் மடிக்கு எதற்காக வந்தது என்று புரிந்து, உட்கார்ந்த இடத்திலேயே எனக்கு உடம்பு கூசியது.

ஆனால் ஒன்பது வயதில் அதெல்லாம் யாருக்குத் தெரிகிறது? பணத்தைக் கட்டிவிட்டுக் காசை வாங்கிய அப்பா, அதைப் பார்க்காமலேயே என்னிடம் நீட்டினார். முதலில் பார்க்கிற மரியாதையை எனக்குத் தருகிறார் என்று நினைத்தேன். பெரிய கடைவீதிக்குப் போகாமல் நேராக பஸ் ஏறினோம். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். கிரீடமும், அதன் கீழே பின்னிக்கிடந்த எழுத்துகளுமாக அந்தக் காசை நான் மட்டும் வீடு வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் அம்மா மெஷின் வைப்பதற்கு ஜன்னலோரம் இடம் ஒதுக்கி, கூட்டித் துடைத்து வைத்திருந்தாள்.

“ரசீது எங்கங்க?” என்றாள்.

அப்பா பர்ஸை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அம்மா திறந்து பார்த்தாள். இரண்டு தடவை பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி, “நீ இழுக்கலையாடி?” என்று கேட்டாள். அவள் குரல் உடைந்திருந்தது.

“அவ இழுத்தா. நாந்தான் கேக்கல” என்றார் அப்பா.

அம்மா பர்ஸைத் தையல் மெஷின்மேல் வைத்தாள். தைத்து முடித்த ப்ளவுஸ்களைப் பையில் அடுக்கிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, அம்மா மண்டபம் பக்கத்துக் கடைக்கு நடந்தாள். மறுபடி நாலாயிரம் முழுசாகச் சேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஏன் இழுக்கவில்லை என்று அப்பா இன்றுவரை என்னைக் கேட்டதில்லை.

எனக்கோ அன்று ஒரே குதூகலம். அப்பாவுக்கு நான் செய்த உபகாரத்தை அம்மாவிடம் காட்டிக்கொடுக்காமல், எனக்காக ஒரு பொய்யே சொல்லிவிட்டாரே! இது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற ரகசியம் என்று, அம்மா தெருமுனை திரும்பியதும் அவரைப் பார்த்துக் கண்ணடித்தேன். அவர் ஏன் அப்படி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார் என்று எனக்குப் புரியவில்லை. சிரிப்பை அடக்குகிறார் என்றுதான் நினைத்தேன்.