காலை வண்டியில் ஏறாத இருவர்

அன்று காலை விழுப்புரத்திலிருந்து கிளம்பிய நம் பாசஞ்சர், விக்கிரவாண்டியைத் தாண்டியதும் வயல்வெளி நடுவே நின்றுவிட்டது. வண்டி நிற்பது நமக்குப் புதிதல்ல. பெண்கள் பெட்டியில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் ஏறும் பவித்ராவுக்கும் ரோஸ்லினுக்கும் வழக்கம்போல இடம் பிடித்து வைத்திருந்தோம். ஜன்னலோரம் என் கைப்பை, அதற்கடுத்து நர்ஸ் மல்லிகாவின் சாப்பாட்டுப் பை.

வெகுநேரம் கழித்து வண்டி ஊர்ந்து அந்தச் சிறிய நிலையத்துக்குள் நுழைந்தது. நடைமேடையில் நிறைய பேர் நின்றிருந்தார்கள், ஆனால் ஒருவரும் வண்டியைப் பார்க்கவில்லை. எல்லோருடைய முதுகும் எங்கள் பக்கம் இருந்தது. அந்த ஊரிலிருந்து தினமும் நம் பெட்டியில் ஏறி, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பூ விற்கப் போகும் கன்னியம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். மல்லிகா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கன்னியம்மாக்கா, இன்னா ஆச்சு?" என்று கேட்டார்.

"ரெண்டு பேரும் போய்ட்டாங்க சிஸ்டரு. நம்ம பொண்ணுங்க ரெண்டு பேரும்."

நாங்கள் சிலர் இறங்கிவிட்டோம். பைகளை யாரோ ஜன்னல் வழியாக எடுத்துக் கொடுத்தார்கள். மற்றவர்களைச் சுமந்துகொண்டு வண்டி போய்விட்டது.

அதன் பிறகு நம் பெட்டிக்குப் புதிதாக வரத் தொடங்கியவர்கள், "அந்தப் பொண்ணுங்க யாரு?" என்று கேட்கிறார்கள். தெரிந்தவர்கள் நினைத்துக்கொள்ளவும், தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளவும் இதை எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. செய்தி பரவிய அன்றே அதோடு சேர்ந்து பொய்யும் பரவியது. உண்மை எங்காவது எழுத்தில் இருக்கட்டும் என்று தோன்றியது.

பவித்ராதான் முதலில் வரத் தொடங்கியவள். பி.எஸ்ஸி. முடித்துவிட்டுக் காவலர் தேர்வுக்குச் செங்கல்பட்டில் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தாள். விடியலில் ஏரிக்கரை மேல் ஓட்டப் பயிற்சி முடித்து, குளித்து, ஈரத் தலையோடு வண்டி ஏறுவாள். அப்பா ஏழுமலைக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் நிலக்கடலையும் நெல்லும் போடுவார். ரோஸ்லின் அதே ஊர்தான், ஆனால் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் காலனி. மறைமலை நகர் பக்கம் ஒரு கம்பெனியில் காருக்கு வயர் கட்டும் வேலை. அப்பா இல்லை. அம்மா அந்தோணியம்மாள் கூலி வேலைக்குப் போகிறவர். ஏழுமலையின் நிலத்திலும் மல்லாட்டை பிடுங்கியிருக்கிறார்.

இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். முகம் தெரியும், பேர் தெரியும், பேசியதில்லை. நம் பெட்டியில்தான் பேசிக்கொண்டார்கள். ஒரு மழை நாளில் பவித்ராவின் புத்தகங்கள் நனைந்துவிட்டன. ரோஸ்லின் தன் துப்பட்டாவால் ஒவ்வொரு பக்கமாகத் துடைத்துக் கொடுத்தாள். செங்கல்பட்டு வருவதற்குள் இரண்டு பேரும் பத்து வருடக் கதையைப் பேசி முடித்திருந்தார்கள். ரோஸ்லின் பிறகு அடிக்கடி சொல்வாள்: "ஒரே ஊருல இருந்துக்கினு, பேசறதுக்கு ரயிலு ஏற வேண்டியதா போச்சு பாருக்கா."

கன்னியம்மா பவித்ராவுக்குப் பெரியம்மா முறை. கொஞ்ச நாளில் ரோஸ்லினும் அவரைப் பெரிம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாள். பூ கட்டிக்கொண்டிருந்த கன்னியம்மாவின் கை நின்றது.

"அது இன்னா, நீயும் பெரிம்மான்ற?"

"பவி கூப்புடறாளே."

"அவ எங்க வூட்டுப் பொண்ணு."

"அப்ப நான் இன்னான்னு கூப்புடறது? நீங்களே சொல்லுங்க."

கன்னியம்மா யோசித்துப் பார்த்தார். வேறு எதுவும் பொருந்தவில்லை போலிருக்கிறது. "சரி, கூப்டுக்கோ" என்று சொல்லிவிட்டு மறுபடி பூவைக் கட்டினார். அடுத்த நாளிலிருந்து ரோஸ்லினுக்கும் ஒரு முழம் பூ தனியாக வந்தது.

பவித்ரா படிப்பதே ஒரு வேடிக்கை. ரோஸ்லின் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பாள், பவித்ரா கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்வாள். நாளடைவில் நம் பெட்டியே சேர்ந்து படித்தது. மாநில விலங்கு வரையாடு, மாநிலப் பறவை மரகதப்புறா என்று எல்லோருக்கும் மனப்பாடம். ஒருநாள் மாநிலப் பூ எது என்ற கேள்விக்குப் பவித்ரா தடுமாறினாள். தலையை நிமிர்த்தாமலே கன்னியம்மா சொன்னார்: "செங்காந்தளு. அத்த ஒருத்தியும் தலையில வெக்கறதில்ல. எனக்கு இன்னா பிரயோசனம்." பக்கத்துப் பெட்டியிலிருந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம்.

போன கிறிஸ்துமஸுக்குப் பவித்ரா ரோஸ்லின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தாள். அதை யாரோ பார்த்து ஏழுமலையிடம் சொல்லிவிட்டார்கள். அவர் திட்டவில்லை, அடிக்கவில்லை. மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். "சாப்ட்டுட்டுதான வந்துச்சி, இன்னா குத்தம் பண்ணிட்டுச்சி" என்று அம்மா கேட்டதற்கும் பதில் இல்லையாம். எனக்கு வருத்தமாக இருந்தது. பவித்ரா கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

"அவரு பேசலன்னா நான் பேசிக்கினே இருப்பேன்க்கா. காது கேக்காத மாதிரி எவ்ளோ நாளு இருப்பாரு?"

சொன்னபடியே செய்தாள். தினமும் சாப்பாட்டு நேரத்தில் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, வண்டியில் நடந்தது, ரோஸ்லின் சொன்னது, கன்னியம்மா சொன்னது எல்லாவற்றையும் ஒப்பித்தாள். பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் அவர் தாங்க முடியாமல் வாயைத் திறந்து, "மோட்டார நிறுத்துனியா?" என்று கேட்டாராம். அதை நடித்துக் காட்டிவிட்டுப் பவித்ரா சிரித்த சிரிப்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

இனி நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஊர் தண்டவாளத்துக்கு மேற்கே இருக்கிறது, நடைமேடை கிழக்கே. தரைப்பாலம் வழியாகச் சுற்றி வரலாம், ஆனால் தலைமுறை தலைமுறையாக எல்லோரும் தண்டவாளத்தைத் தாண்டித்தான் வருகிறார்கள். அப்படி வந்தவர்களில் சிலரை அந்த ஊர் முன்பே இழந்திருக்கிறது. கல்லூரிக்குப் போன ஒரு பையன், திருமணமாகி ஒரு வருடம்கூட ஆகாத ஒரு இளைஞன். அந்த வீடுகள் தனித்தனியாக அழுதுவிட்டு, தனித்தனியாகப் படத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தன.

அன்று காலை பவித்ராவும் ரோஸ்லினும் அப்படித் தாண்டும்போதுதான் வண்டியில் அடிபட்டார்கள். இந்த முறை செல்போன் குழுக்களில் சாயங்காலத்துக்குள்ளேயே எல்லாம் வந்துவிட்டது. போன் பேசிக்கொண்டே போனார்களாம். காதல் விவகாரமாம். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு செய்ததாம். ஊர்த் தெருவில் இன்னொரு பேச்சும் இருந்தது: அந்தப் பொண்ணோடு சுற்றியதால்தான் நம்ம பொண்ணு போச்சு.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மல்லிகாவும் அந்த ஊருக்குப் போனோம். கன்னியம்மா எங்களை ஏழுமலை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை. ஏழுமலை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். சுற்றி உறவுக்காரர்கள். நாங்கள் இருப்பதைப் பார்த்தும் ஒருவர், "எல்லாம் அந்தக் காலனிப் பொண்ணால வந்த வெனை" என்றார்.

கன்னியம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக ஏழுமலைக்கு எதிரில் போய் உட்கார்ந்தார்.

"தம்பி, நான் பின்னால வந்துக்கினு இருந்தேன். கண்ணால பாத்தத சொல்றேன், கேட்டுக்கோ. கூட்ஸு வண்டி நின்னுக்கினு இருந்துச்சி. அத்தச் சுத்திக்கினு போனாங்க. அந்தச் சத்தத்துல அந்தாண்ட வர்ற எக்ஸ்பிரஸு எனக்கே கேக்கல. பவி தாண்டிட்டா. பிளாட்பாரத்தாண்ட போய்ட்டா. ரோஸுக்குச் செருப்பு ஜல்லியில மாட்டி, குப்புற வுழுந்துட்டா. பவி திரும்பிப் பாத்தா. பாத்தவ நிக்கல, ஓடியாந்தா. போனு ரெண்டும் பையிலதான் இருந்துச்சி. ஒருத்தியும் யாருகூடயும் பேசல."

கன்னியம்மா மூச்சை இழுத்துக்கொண்டு மேலே சொன்னார்.

"ரோஸு கத்துச்சி. 'வராதடி பவி, வராதடி'ன்னு கத்துச்சி. எங் காதால கேட்டேன். இவதான் கேக்கல."

ஏழுமலை அப்போதுதான் தலையை நிமிர்த்தினார்.

"கத்துச்சா அண்ணி?"

"கத்துச்சிப்பா."

அவர் கையை நீட்டிப் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டார். உள்ளே பவித்ராவின் அம்மா விசும்புவது கேட்டது. பிறகு, "அந்தப் பொண்ணு அம்மா யாரு கூட இருக்குது இப்ப?" என்று கேட்டார்.

"தனியாத்தான். தங்கச்சி வூட்டாளுங்க வந்து வந்து பாத்துக்கினு போறாங்க."

ஏழுமலை எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். உறவுக்காரர் ஒருவர், "எங்கப்பா போற?" என்றார். நாங்கள் பின்னால் போனோம். அவர் ஏரிக்கரை மேலாகக் காலனிக்குப் போகும் வழியில் நடந்தார். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள்.

அந்தோணியம்மாள் வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். ரோஸ்லினின் சுடிதார்கள். ஏழுமலையைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நாற்காலி எடுக்க உள்ளே ஓடினார். அது வருவதற்குள் ஏழுமலை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நாற்காலியைக் கையில் பிடித்தபடி அந்தோணியம்மாள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"ஒம் பொண்ணு எம் பொண்ண வராதன்னு சொல்லிச்சாம்மே" என்றார் ஏழுமலை.

"ஆமாங்க. கன்னியம்மாக்கா சொல்லிச்சி."

"எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

அந்தோணியம்மாள் நாற்காலியைக் கீழே வைத்தார். "நம்ம ரெண்டு பேரு பேச்சயும் கேக்காததுங்க. கடைசில ரோஸு பேச்ச பவியும் கேக்கல" என்றார். சொல்லிவிட்டு அவரே வாயைப் பொத்திக்கொண்டார். ஏழுமலை துண்டை முகத்தில் வைத்து அழுதார். மகள் போன நாளிலிருந்து அவர் அழவே இல்லை என்று கன்னியம்மா பிறகு எங்களிடம் சொன்னார். அழுது முடித்து அவர் தண்ணீர் கேட்டார். அந்தோணியம்மாள் சொம்பில் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக் குடித்தார்.

இது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றலாம். அங்கே நின்றுகொண்டிருந்த எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை.

முப்பதாம் நாள் நிலையத்துக்கு வெளியே இருக்கும் புங்கமரத்தடியில் எல்லோரும் கூடினோம். நம் பெட்டியிலிருந்து பெரும்பாலும் எல்லோரும் வந்திருந்தீர்கள். மேடை இல்லை, மைக் இல்லை. இரண்டு பேர் படத்தை மட்டும் வைப்பதாக இருந்தது. ஆனால் முன்பு பிள்ளைகளை இழந்த வீட்டுக்காரர்களும் தங்கள் பிள்ளைகளின் படங்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். யாரும் அவர்களை அழைத்திருக்கவில்லை. கல்லூரிப் பையனின் அம்மா தன் மகன் படத்தைப் பவித்ராவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "எம் புள்ள போனப்ப நாங்க வூட்டுக்குள்ளயே அழுதுட்டு வுட்டுட்டோம். அப்பவே இப்படி கூடியிருந்தா இந்தப் பொண்ணுங்க இருந்திருக்குமோ இன்னாவோ" என்றார். ஒவ்வொரு வீட்டுக்காரரும் எழுந்து தங்கள் பிள்ளையின் பெயரை உரக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான் நிகழ்ச்சி.

ஊர்த் தெருவும் காலனியும் அன்று கலந்து உட்கார்ந்தன என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஊர்க்காரர்கள் ஒரு பக்கம், காலனிக்காரர்கள் ஒரு பக்கம்தான். ஆனால் நடுவில் விட்ட இடத்தில் இரண்டு பக்கத்துக் குழந்தைகளும் ஓடிக்கொண்டிருந்தார்கள், யாரும் கூப்பிட்டு உட்கார வைக்கவில்லை. நடை மேம்பாலம் கேட்டு எழுதிய மனுவில் இரு பக்கத்தாரும் கையெழுத்துப் போட்டார்கள். ஏழுமலை அதை வாங்கி முதலில் அந்தோணியம்மாளிடம் நீட்டினார்.

மனுவுக்குப் பதில் வர நாளாகும். அதுவரை காத்திருக்காமல், தண்டவாளத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதையை ஊரே சேர்ந்து முள் போட்டு அடைத்துவிட்டது. காலை வண்டி நேரத்தில் ஏழுமலை அங்கே வந்து நிற்கிறார். அவசரமாக வருகிறவர்களிடம், "ஜல்தியா போவணும்னா ஜல்தியா கெளம்பி சுத்திப் போம்மா" என்கிறார். கோபித்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. ஆனால் சுற்றித்தான் போகிறார்கள்.

பவித்ராவிடமிருந்தும் ரோஸ்லினிடமிருந்தும் என்னோடு தங்கியிருப்பது என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன். அவர்களுடைய துணிச்சல் எனக்கு இல்லை. கத்தித் தடுத்தவளின் மனசும், கேட்காமல் ஓடியவளின் மனசும் எத்தனை பேருக்கு வாய்க்கும்? ஒரு சின்னப் பழக்கம் மட்டும் வந்திருக்கிறது. வண்டியை விட்டு இறங்கினால், ஒரு வாசலைத் தாண்டினால், எனக்குப் பின்னால் வருகிறவர் வந்துவிட்டாரா என்று நின்று திரும்பிப் பார்க்கிறேன்.

போன வாரம் செங்கல்பட்டில் அப்படி நின்றுகொண்டிருந்தேன். கூட்டத்தில் கடைசியாக ஒரு பெண் பையை இழுத்துக்கொண்டு இறங்கினாள். நம் பெட்டிக்குப் புதியவள், பெயர்கூட எனக்குத் தெரியாது.

"யாரத் தேடறீங்கக்கா?" என்று கேட்டாள்.

"உன்னத்தாம்மா" என்றேன். "எறங்கிட்டியான்னு பாத்தேன்."