வலப்பக்கம் ஒட்டிய கரி

நான் பிடித்த மீன்கள் கரைக்கு வந்த பிறகும் என் வாயில் வளர்ந்துகொண்டே போகும். ஊருக்கே தெரியும். கனடாவின் இந்தச் சஸ்காட்செவன் குளிர்காலத்தை வேறெப்படித்தான் கழிப்பது? ஆனால் இந்த விஷயத்தில் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. எந்தச் சத்தியம் வேண்டுமானாலும் செய்கிறேன்.

எதிர்வீட்டு ஓரெஸ்ட் என்னோடு ரயில்வேயில் வேலை பார்த்தவன். என் உயிருக்கு உயிரான மோட்டார் படகை வாங்கிக்கொண்டு, பதிலுக்குத் தன் பழைய ராணுவத் துப்பாக்கியைத் தந்தான். லீ என்ஃபீல்ட்.

"ராணுவக் கிடங்குலேர்ந்து பெட்டியோட வந்தது, எமில். ஒருத்தன் தோள்லயும் ஏறினதில்ல."

"கழட்டிப் பாத்துக்கறேன்."

"யோவ்! கட்டையையும் இரும்பையும் பிரிச்சா மதிப்பே போயிடும். உன் பொண்டாட்டிய நம்புற, என்னை நம்ப மாட்டியா?"

நம்பினேன். அவன் வார்த்தை ஒன்றுக்காகத்தான் படகையே கொடுத்தேன்.

ஆனாலும் பழைய துப்பாக்கிக்காரன் எவனாலும் கை வைக்காமல் இருக்க முடியாது. இரும்பு மரத்தில் சரியாக உட்காராவிட்டால் குறி தப்பும். வசந்தத்தில் சுடும் போட்டி வேறு இருந்தது. ஒரு ஜனவரி மத்தியானம், மனைவி தேவாலயத்தில் பெரோகிக் கொழுக்கட்டை பிடிக்கப் போயிருந்த நேரம், சமையலறை மேசையில் கடையை விரித்தேன்.

முதலில் குண்டை உள்ளே தள்ளும் போல்ட்டைக் கழற்றி ஓரமாக வைத்தேன். குண்டும் இல்லை. இனி அது வெறும் தடி.

கட்டை உடம்புக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு குறியைப் பார்த்து நின்று, கண்ணை மூடி, தோளில் ஏற்றித் திறக்க வேண்டும். குறி நேராக நிற்க வேண்டும்.

சுவர் நாட்காட்டியைப் பார்த்து நின்றேன். மூடினேன். திறந்தேன்.

நாட்காட்டியைக் காணோம். எதிரே ஜன்னல். அதற்கு அப்பால் ஓரெஸ்டின் வீடு.

கிழவனுக்குத் தலை சுற்றுகிறது என்று சிரித்துக்கொண்டேன். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றேன். காலை அழுத்தி ஊன்றினேன். மூடினேன்... திறந்தேன்.

ஜன்னல்.

துப்பாக்கி என் இடது தோளில் இருந்தது. நான் வலக்கைக்காரன்.

ஆனாலும் வேலையை விடவில்லை. முன்கட்டையைக் கழற்றினேன். இரும்பின் அடியில் மெழுகுவர்த்திக் கரியை அப்பினேன். மறுபடி பொருத்தித் திருகாணியை முறுக்கினேன். கழற்றினால், இரும்பு தொட்ட இடமெல்லாம் மரத்தில் கரி ஒட்டியிருக்கும்.

கழற்றினேன்.

மரம் சுத்தமாக இருந்தது. இரும்பும்.

கிளக்...

போல்ட்டை இழுக்கும் சத்தம். போல்ட் மேசையில் கிடந்தது.

கரி எங்கே?

தோளில் பதியும் பின்கட்டையின் வலப்பக்கத்தில் இருந்தது. என்னைப் போன்ற வலக்கைக்காரனுக்குக் கன்னம் இடப்பக்கம்தான் படும். ஒரு கன்னத்தின் அச்சு... தாடி மயிரின் கோடுகளோடு.

கண்ணாடிக்கு ஓடினேன். என் இரண்டு கன்னமும் வெள்ளை.

கிளக்...

தொலைபேசி அடித்தது.

"எமில்... கழட்டிட்டியா?"

"ஆமா."

"எந்தப் பக்கம் திரும்புது?"

"உனக்குத் தெரியுமாடா? தெரிஞ்சேதான் என் தலையில கட்டினியா?"

"எந்தப் பக்கம்?"

"உன் பக்கம்."

பட்டென்று தொலைபேசியை வைத்துவிட்டான்.

விடிந்து பார்த்தால் அவன் வீடு காலி. என் படகும் போயிருந்தது. இடுப்பளவு பனியில் எவனாவது படகை இழுத்துக்கொண்டு ஓடுவானா!

பனி உருகிய பிறகு, வீட்டைப் பூட்ட அவன் தங்கை ஸ்டெஃபா வந்தாள். துப்பாக்கியைக் காட்டினேன். அவள் கை, பின்கட்டையின் வலப்பக்கத்துக்குத் தானாகப் போனது.

"இது எங்க மூத்த அண்ணன் மைரனோடது. இடதுகைக்காரன் அவன். உங்ககிட்ட எப்படி?"

"ஓரெஸ்ட் குடுத்தான். ராணுவக் கிடங்குல வந்ததுன்னான்."

அவள் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"ரொம்ப வருஷம் முன்னாடி ரெண்டு பேரும் மான் வேட்டைக்குப் போனாங்க. ஓரெஸ்ட் மட்டும் வந்தான். மைரன் துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு அங்கேருந்தே அலாஸ்காவுக்குக் கிளம்பிட்டான்னு சொன்னான்... நாங்க எல்லாரும் நம்பினோம்."