என் வீட்டு நெல்லுச்சோறு

எழுபதுகளின் கடைசி. கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் போகிற சாலையில் எங்கள் ஊர். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். இந்தக் கரிசலில் உப்புத்தண்ணிதான் வரும் என்றார்கள். கிணறு வெட்டி நல்ல தண்ணீர் காட்டினேன். மிளகாய் வியாபாரம் செய்தேன். தீப்பெட்டி ஆபீஸ் போட்டேன். ஊரில் முதல் மச்சு வீடு என்னுடையது. என் வீட்டில் மூன்று வேளையும் நெல்லுச்சோறு. நான் சின்னப்பையனாக இருந்தபோது இங்கே தீபாவளிக்குத்தான் நெல்லுச்சோறு என்பது தெரிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

அம்மா இறந்த பிறகு, பருத்தி எடுக்கப் போய் எனக்குக் கஞ்சி ஊற்றியவள் அக்கா. அறுபது வயதில் அவள் தனியாகிவிட, அழைத்து வந்து என் வீட்டில் வைத்துக்கொண்டேன். வந்த புதிதில் ஒருநாள், சம்பந்தி வீட்டார் இருக்கும்போது கேட்டாள்:

"எலே தம்பி, ஒரு வாய் கம்மஞ்சோறு கிடைக்குமால? தொட்டுக்கிட முருங்கக்கீரை..."

எனக்கு முகம் செத்துப்போயிற்று. "அக்காளுக்கு நான் அரிசி போடலன்னு ஊர் பேசணுமாக்கும்?" என்று கத்தினேன். அதன்பிறகு அவள் எதையுமே கேட்கவில்லை.

ஒன்றரை வருடத்தில் பேச்சும் குறைந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். ரசத்தில் இரண்டு உருண்டை, அவ்வளவுதான். 'நான் எதுக்கு இருக்கேன்' என்று முனகுவாள். நன்றி கெட்டவள் என்று ஏசினேன். வெயிலில் கருத்துக் கிடந்தவள் என் வீட்டு நிழலில் வெளுத்துவிட்டாள் என்று பார்ப்பவரிடமெல்லாம் பெருமையும் பேசினேன்.

கடைசியில் கோடங்கியிடம் குறி கேட்கக் கூட்டிப்போனேன். பஸ்ஸில் அக்கா பக்கத்தில் ஒரு நர்ஸம்மா. அக்காவின் கையைத் திருப்பிப் பார்த்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இவிய உடம்புல ரத்தமே இல்லையே!"

"மனசுதாம்மா சரியில்ல. கோடங்கிகிட்ட போறோம்."

"கோடங்கி குறி சொல்லுவாரு. ரத்தம் ஊத்துவாரா? ரத்தம் வத்துனா மனசும் சேர்ந்து படுத்துக்கிடும். என்ன சாப்பிடுதாவ?"

நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "மூணு வேளையும் நெல்லுச்சோறு!"

அந்தம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "அதத்தான் பெருசாச் சொல்லுதீங்களாக்கும். கம்பு, கீரை இல்லாம வெறுஞ்சோத்துல ரத்தம் ஊறுமா?" என்றார்.

அங்கேயே இறங்கி, பஸ் மாறி, கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கடுமையான ரத்தசோகை என்றார் டாக்டர். வயதானவர்களுக்கு அது மனதையும் சேர்த்து அமுக்கிவிடும் என்றார். மாத்திரை, ஊசி, கம்பு, கீரை. மூன்று மாதத்தில் அக்கா எழுந்து நடமாடினாள், வேலைக்காரர்களை அதட்டினாள். தெம்பு வந்ததும் செய்த முதல் காரியம், மூட்டையைக் கட்டியதுதான்.

"உன் வீட்டுச் சோறு எனக்கு ஒத்துக்கிடல தம்பி. நான் வாரேன்."

இடைசெவல் பக்கம் தன் பழைய குடிசைக்குப் போனவள் கடைசிவரை திரும்பவில்லை. நான் கொடுத்தனுப்பிய அரிசி மூட்டை மட்டும் திரும்பி வந்தது.

இன்றைக்கும் விசேஷ வீடுகளில், 'அக்காளை மகாராணியா வச்சிருந்தவர்' என்று என்னைச் சொல்கிறார்கள். சிலர், காப்பாற்றியது அந்த நர்ஸம்மாதான் என்கிறார்கள். இரண்டையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கிணறு வெட்டியதும் வீடு கட்டியதும் நான் என்று சொல்கிறவர்கள், அவளைச் சுவர் பார்த்து உட்கார வைத்தவன் நான், பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவனும் நான் என்று இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.